யாரும் படிக்காத ஆண்டறிக்கை

அமெரிக்கப் பங்குச் சந்தையில் 1976 முதல் 1996 வரையிலான 21 ஆண்டுகளில், புத்தக மதிப்போடு (சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவதோடு) ஒப்பிட்டால் மிக மலிவாகக் கிடைத்த பங்குகளை ஆண்டுவாரியாகப் பிரித்தெடுத்தார் ஜோசப் பியோட்ரோஸ்கி. அப்போது அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர். ஒரே நிறுவனம் பல ஆண்டுகள் மலிவாகக் கிடந்திருந்தால் அத்தனை முறையும் கணக்கில் வரும் என்ற முறையில் மொத்தம் 14,043 பதிவுகள் சேர்ந்தன. இந்தக் கூட்டத்தை அப்படியே வாங்கியவருக்குச் சந்தையைவிடக் கூடுதல் வருமானம் கிடைத்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பங்காக எடுத்துப் பார்த்தால், சந்தையை முந்தியவை 44 சதவீதத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவை பின்தங்கின; மிகப் பெரிதாக ஏறிய சில பங்குகள்தான் சராசரியைத் தூக்கி நிறுத்தின.

மலிவுப் பங்கு வாங்குகிற எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது. சிறு நிறுவனப் பங்கு ஒன்றின் புத்தக மதிப்பு 100 ரூபாய், சந்தை விலை 60 ரூபாய் என்றால், 40 ரூபாய் தள்ளுபடி கிடைத்ததாக நம் மனம் துள்ளுகிறது. அந்த 60 ரூபாய்க்கு விற்கத் தயாராக இருப்பவரும் அதே கணக்கைப் பார்த்தவர்தான் என்பது நினைவுக்கு வருவதில்லை. மலிவாக இருப்பவற்றில் பெரும்பாலானவை மலிவாக இருப்பதற்குத் தகுந்த காரணம் உண்டு. காரணமில்லாமல் மலிந்து கிடப்பவற்றை எப்படித் தனியே பொறுக்குவது?

புத்தக மதிப்பைவிடக் குறைந்த விலையில் வாங்கும் வழியைப் பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் ஆகிய இருவரும் 1934-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். யூஜின் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992-ல் அதற்குப் புள்ளிவிவர வலு சேர்த்தார்கள். மலிவுப் பங்குகளின் கூடுதல் வருமானம், நலிந்த நிறுவனங்களைச் சுமக்கும் ஆபத்துக்கான கூலி என்பது அவர்கள் தரப்பு. கடந்த சில ஆண்டுகளின் சோர்வு என்றென்றும் நீடிக்கும் என்று முதலீட்டாளர்கள் தவறாக நீட்டிப் பார்ப்பதால்தான் அந்த வருமானம் என்று 1994-ல் லகோனிஷாக், ஷ்லெய்ஃபர், விஷ்னி மூவரும் எதிர்வாதம் வைத்தார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பியோட்ரோஸ்கி 2000-ல் வெளியிட்ட ஆய்வின் சிறப்பு, அவர் இந்த வழக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நடைமுறைக் கேள்வியை எடுத்ததுதான். எல்லோர் கையிலும் இருக்கும், ஏற்கெனவே அச்சாகிவிட்ட ஆண்டறிக்கையை வைத்தே தேறுபவற்றையும் தேறாதவற்றையும் பிரிக்க முடியுமா?

அவர் ஒன்பது கேள்விகள் வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றால் ஒரு மதிப்பெண், இல்லை என்றால் பூஜ்யம். நான்கு கேள்விகள் சம்பாத்தியத்தைப் பற்றியவை: சொத்துகளின் மீது லாபம் வந்ததா, தொழிலிலிருந்து ரொக்கம் வந்ததா, லாப விகிதம் போன ஆண்டைவிடக் கூடியதா, வந்த ரொக்கம் காட்டிய லாபத்தைவிட அதிகமா. மூன்று கேள்விகள் நிதி நிலையைத் துருவுபவை: நீண்டகாலக் கடனின் விகிதம் குறைந்ததா, குறுகியகாலப் பொறுப்புகளைச் சமாளிக்கும் நடப்பு விகிதம் உயர்ந்ததா, அந்த ஆண்டில் புதுப் பங்குகளை வெளியிடாமல் இருந்தார்களா. கடைசி இரண்டும் வேலையின் திறனைப் பார்ப்பவை: மொத்த லாப விகிதம் உயர்ந்ததா, சொத்துகளை வைத்துச் செய்யும் விற்பனையின் வேகம் கூடியதா. இதில் உயர்கணிதம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடக் கணக்குப் போதும்.

ஆனால் இந்தக் கேள்விகள் யாரை நோக்கிக் கேட்கப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வேகமாக வளரும் நிறுவனம் கடன் வாங்குவதும் புதுப் பங்கு வெளியிடுவதும் நல்ல செய்தியாகவே இருக்கலாம். விலை சரிந்து, லாபம் மெலிந்து, சந்தை கைவிட்ட நிறுவனம் அதையே செய்தால் பொருள் வேறு. தன் தொழிலிலிருந்து அன்றாடச் செலவுக்கும் வட்டிக்கும் பணம் எடுக்க முடியாமல், அடிமாட்டு விலைக்குத் தன் பங்கையே விற்கிறது என்று அர்த்தம். நோயாளிக்கும் ஓட்டப்பந்தய வீரருக்கும் நாடித்துடிப்பு எகிறுவதை ஒரே மாதிரி படிக்க முடியாது. இந்த ஒன்பது கேள்விகளை எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் தரச்சான்றாக இன்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பியோட்ரோஸ்கி வடித்தது, மலிந்து கிடக்கும் நிறுவனம் மீள்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் கருவி. அந்த வரம்பைத் தாண்டினால் அது தடுமாறும்.

முடிவுகளைப் பார்ப்போம். 14,043 பதிவுகளில் ஒன்பதுக்கு ஒன்பது வாங்கியவை 333. பூஜ்யம் வாங்கியவை 57. எட்டோ ஒன்பதோ பெற்றவற்றின் அடுத்த ஓராண்டு வருமானம், பூஜ்யமோ ஒன்றோ பெற்றவற்றைவிடச் சராசரியாக 23 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. மலிவுக் கூட்டம் முழுவதையும் வாங்கியவரோடு ஒப்பிட்டால், உயர்ந்த மதிப்பெண் பெற்றவற்றை மட்டும் வாங்கியவருக்கு ஆண்டுக்கு ஏழரைப் புள்ளிகள் கூடுதல்.

என்னை இந்த ஆய்வில் நிறுத்தி யோசிக்கவைத்தது இந்த எண்கள் அல்ல, அவற்றின் உட்பிரிவு. சிறு நிறுவனங்களில் உயர்ந்த மதிப்பெண்ணுக்கும் தாழ்ந்த மதிப்பெண்ணுக்கும் இடையே 27 புள்ளிகள் வித்தியாசம். நடுத்தர நிறுவனங்களில் 17. பெரிய நிறுவனங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்த 14,043 பதிவுகளில் 8,726 எந்தப் பங்கு ஆய்வாளரும் எட்டிப் பார்க்காத நிறுவனங்களுடையவை. பலன் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருந்தது. பெரிய வங்கியின் காலாண்டு முடிவை நாற்பது பேர் வரிவரியாகப் படிக்கிறார்கள். அதில் உள்ள நல்லதும் கெட்டதும் அன்றைக்கே விலையில் ஏறிவிடும். சிறு நிறுவனத்தின் அறிக்கை வெளியாகிப் பல மாதங்கள் ஆனாலும் அதிலுள்ள செய்தி புதுக் கருக்கு மாறாமல் கிடக்கிறது. இன்னொரு தடயமும் உண்டு. நல்ல மதிப்பெண்ணுக்கும் மோசமான மதிப்பெண்ணுக்கும் இடையிலான வருமான வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்கு, அடுத்து வந்த நான்கு காலாண்டு முடிவு அறிவிப்புகளைச் சுற்றிய மும்மூன்று நாள்களில், அதாவது மொத்தம் பன்னிரண்டே நாள்களில் வந்தது. வருமானம் ஆபத்துக்கான கூலி மட்டுமே என்றால் அது ஆண்டு முழுக்கப் பரவலாகச் சொட்ட வேண்டும். அறிவிப்பு நாளில் கொட்டுகிறது என்றால், பழைய அறிக்கையிலேயே இருந்த செய்தியைச் சந்தை அன்றுதான் கண்டுகொள்கிறது. இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது.

ஒன்பது கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான்காவதையே எடுப்பேன்: ரொக்கம் லாபத்தைவிட அதிகமா? ரொக்கமாக வந்த லாபத்தைவிட, கணக்கேட்டில் மட்டும் எழுதப்பட்ட லாபம் அடுத்த ஆண்டு நிலைப்பது குறைவு என்றும், சந்தை இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறது என்றும் ரிச்சர்ட் ஸ்லோன் 1996-ல் காட்டியிருந்தார். ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு சிறு பம்ப்செட் நிறுவனத்தின் விற்பனை 200 கோடியிலிருந்து 230 கோடியாகிறது. லாபம் 9 கோடியிலிருந்து 12 கோடியாகிறது. செய்தித்தாளில் வரும் வரி இவ்வளவுதான்: லாபம் 33 சதவீதம் உயர்வு. வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கியோ 40 கோடியிலிருந்து 68 கோடியாகியிருக்கிறது. முன்பு 73 நாள் கடன் கொடுத்தவர்கள் இப்போது 108 நாள் கொடுக்கிறார்கள். லாபம் 12 கோடி, தேய்மானம் 6 கோடி, சப்ளையர்களுக்குத் தராமல் வைத்திருப்பது 3 கோடி. மூன்றையும் கூட்டி, பாக்கியில் மாட்டிக்கொண்ட 28 கோடியைக் கழித்தால், தொழிலிலிருந்து 7 கோடி ரொக்கம் வெளியே போயிருக்கிறது. விற்பனைக் கணக்கைக் காட்டுவதற்காக டீலர்களின் கிடங்குகளில் சரக்கைத் தள்ளியிருக்கலாம். டீலர் பணம் தரவில்லை என்றால் இந்த ஆண்டின் லாபம் அடுத்த ஆண்டின் வாராக்கடனாகும். புத்தக மதிப்பில் சேர்ந்து நிற்பதும் இந்தப் பாக்கிதான்.

இதே முறையை இந்தியாவில் கையாளும்போது சில இடங்களில் கத்தரித்துத் தைக்க வேண்டும். முதல் இடம் கடன். பியோட்ரோஸ்கி பார்த்தது நீண்டகாலக் கடனை மட்டும். நம் சிறு நிறுவனங்கள் பல, வங்கியின் கேஷ் கிரெடிட்டிலும் ஓவர்டிராஃப்டிலும் ஓடுபவை. அது குறுகியகாலக் கடன் என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே சொன்ன பம்ப்செட் நிறுவனத்தின் 7 கோடிப் பள்ளத்தைக் கேஷ் கிரெடிட் அடைத்திருந்தால், நீண்டகாலக் கடன் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆகவே இரண்டு கடன்களையும் கூட்டியே பார்க்க வேண்டும். இரண்டாவது, மொத்த லாப விகிதம். நம் நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி லாப நட்டக் கணக்கு செலவின் வகைப்படி எழுதப்படுகிறது. மொத்த லாபம் என்று தனி வரி அதில் இருக்காது. விற்பனையிலிருந்து மூலப்பொருள் செலவு, வாங்கி விற்கும் சரக்கின் செலவு, கையிருப்பில் ஏற்பட்ட மாற்றம் ஆகிய மூன்றையும் நாமே கழித்துக்கொள்ள வேண்டும்.

கத்தரிக்க வேண்டியது இருப்பதுபோலவே, நமக்கு இங்கே கூடுதலாகக் கிடைப்பதும் உண்டு. அதைப் பலர் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு நிறுவனமும் வர வேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்து அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டு ஆண்டுக்குள், மூன்று ஆண்டுக்குள், அதற்கும் மேல். முடிவடையாத கட்டுமானப் பணிகளுக்கும் இப்படி வயதுக் கணக்கு உண்டு. நடப்பு விகிதம், கடன்-பங்கு விகிதம், பாக்கி வசூல் வேகம் உள்ளிட்ட பதினொரு விகிதங்களை நிறுவனமே வெளியிட வேண்டும். முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணம் எழுத வேண்டும். பியோட்ரோஸ்கியின் கேள்விகளில் சிலவற்றுக்கு விடையும் விளக்கமும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காரணம் எழுதும் கட்டத்தில் 'வியாபாரச் சூழல்' என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கிறார்களா, எந்த வாடிக்கையாளர், எந்தப் பொருள் என்று சொல்லியிருக்கிறார்களா என்பதே நிர்வாகத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பிலும் இப்படி ஒரு புதையல் உண்டு. 2020-ஆம் ஆண்டின் தணிக்கை அறிக்கை உத்தரவின்படி, சொத்து ஈட்டின் பேரில் 5 கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதன வரம்பு பெற்ற நிறுவனம், காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த சரக்கு, பாக்கிக் கணக்குகள் அதன் கணக்கேடுகளோடு ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் சொல்ல வேண்டும். வங்கிக்கு ஒரு கணக்கு, பங்குதாரருக்கு ஒரு கணக்கு என்றால் இங்கே வெளிப்படும். சிறு எழுத்தில் அச்சாகும் இந்தப் பத்தியை நான் லாப நட்டக் கணக்குக்கும் முன்னதாகப் படிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், புத்தக மதிப்பில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு சிறு நிறுவனப் பங்கை வாங்கி, அந்தப் புத்தக மதிப்பில் பெரும்பகுதி மூன்றாண்டுக்கும் மேலாக வராத பாக்கி என்பதைப் பிறகு கண்டதிலிருந்து வந்த பழக்கம் இது.

ஒன்பது கேள்விகளும் சறுக்கும் தொழில்கள் உண்டு. தமிழ்நாட்டு வாசகருக்கு நூற்பாலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. நாட்டிலேயே மிக அதிக நூற்பாலைகள் உள்ள மாநிலம் நம்முடையது. 2021 தொடக்கத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு சுமார் 45,000 ரூபாய்க்கு விற்றது. 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பஞ்சு ஏற ஏற நூல் விலையும் ஏறியது. குறைந்த விலையில் பஞ்சு வாங்கிக் கிடங்கில் வைத்திருந்த ஆலை, அதை ஏறிய விலையில் நூலாக விற்றது. 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டில் பல ஆலைகள் அதற்குமுன் காணாத லாபம் காட்டின. ஆண்டு லாபத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் பங்கு விலை மிகச் சொற்ப மடங்கில் நின்றது. ஒன்பது கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: லாபம் கூடியது, லாப விகிதம் கூடியது, விற்பனை வேகம் கூடியது, பழைய கடன் அடைந்தது. ஏழெட்டு மதிப்பெண் எளிதில் வந்துவிடும். அதே மே மாதத்தில் திருப்பூரின் பின்னலாடைக்காரர்கள் நூல் விலையைத் தாங்க முடியாமல் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வாங்குபவர் கையை விரித்த பிறகு விலை எத்தனை நாள் நிற்கும்? பஞ்சு இறங்கியது, அதிக விலைக்கு வாங்கிய பஞ்சைக் குறைந்த விலை நூலாக விற்க வேண்டியதாயிற்று, அடுத்த ஆண்டில் லாபம் கரைந்து, பல ஆலைகள் நட்டத்தைத் தொட்டன.

ஓர் ஆண்டை முந்தைய ஆண்டோடு மட்டும் ஒப்பிடும் கருவி, சுழற்சித் தொழிலின் உச்சியில் நிற்கும் நிறுவனத்துக்கே உச்ச மதிப்பெண் தரும். இதற்கு மருந்து, லாபத்தின் மடங்கை விட்டுவிட்டுப் புத்தக மதிப்பைப் பார்ப்பது. பியோட்ரோஸ்கியின் கூட்டமும் அப்படித் தேர்ந்தெடுத்ததுதான். உச்சியில் லாபம் வீங்குவதால் லாப மடங்கு குறைந்து மலிவாகத் தெரியும், புத்தக மதிப்பு அப்படி ஓராண்டில் வீங்காது. கூடவே ஏழெட்டு ஆண்டுகளின் சராசரி லாபத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உச்சியிலும் ஒரு எச்சரிக்கை மணி அடித்திருக்க வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: ஏறிய விலையில் பஞ்சைக் கிடங்கில் நிரப்பும்போது ரொக்கம் சரக்கில் முடங்கும், லாபம் பெருகும் ஆண்டிலேயே ரொக்கம் லாபத்துக்குக் கீழே போகும். மறுபடியும் அந்த நான்காவது கேள்வி.

கணக்கே பொய் என்றால் எந்தக் கேள்வியும் உதவாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். சேர்ந்திருப்பதாகக் காட்டிய 376 கோடி ரூபாய் வட்டியும் இல்லாதது. ரொக்கத்தைக் காட்டி அதற்கு வட்டியையும் காட்டிவிட்டால் விகிதங்கள் அழகாகவே இருக்கும். சத்யம் பெரிய நிறுவனம். அதைப் பல ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். யாரும் பின்தொடராத சிறு நிறுவனத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்றே கொள்ள வேண்டும். சத்யத்துக்குப் பிறகு, புரமோட்டர்கள் அடமானம் வைத்த பங்குகளை வெளியிடுவதைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியது. அடமான விகிதம், புரமோட்டரின் குடும்ப நிறுவனங்களோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல், காலம் முடியும் முன்பே விலகும் தணிக்கையாளர், கையில் நிறைய ரொக்கம் வைத்திருப்பதாகக் காட்டிக்கொண்டே அதிக வட்டிக்குக் கடன் வாங்கும் விசித்திரம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், ஒன்பது மதிப்பெண் வாங்கிய பங்கையும் நான் ஒதுக்கிவிடுவேன்.

சிறியது என்பதாலேயே அதிக வருமானம் வரும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. ரோல்ஃப் பான்ஸ் 1981-ல் சிறு நிறுவனப் பங்குகளின் கூடுதல் வருமானத்தைக் கண்டு எழுதிய பிறகு, அது பல காலகட்டங்களில் மங்கியது. பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்களின் இறுதி நட்டங்கள் தரவுகளில் விடுபட்டிருந்ததை டைலர் ஷம்வே 1997-ல் சுட்டிக்காட்டினார். செத்தவர்களை விட்டுவிட்டு ஆயுளைக் கணக்கிட்டதுபோலச் சில பழைய எண்கள் இருந்தன. கிளிஃப் ஆஸ்னஸும் அவரது சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, சிறு நிறுவனங்களில் தரம் தாழ்ந்தவை மிகுதி என்பதே அந்த மங்கலுக்குக் காரணம் என்றும், தரத்தைச் சமப்படுத்தினால் சிறியதன் பலன் திரும்பி வருகிறது என்றும் சொன்னது. அமெரிக்காவில் ரஸ்ஸல் 2000 குறியீட்டுக்கு லாப நிபந்தனை கிடையாது. எஸ் அண்ட் பி ஸ்மால்கேப் 600-க்குள் நுழைய நிறுவனம் லாபத்தில் இருக்க வேண்டும். நீண்ட கால ஓட்டத்தில் முந்தியிருப்பது பின்னதுதான்.

இந்தியாவில் ஸ்மால்கேப் என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றும். செபியின் 2017 அக்டோபர் சுற்றறிக்கைப்படி, சந்தை மதிப்பில் 251-ஆவது இடம் தொடங்கிக் கீழே உள்ள எல்லாம் ஸ்மால்கேப். 2024 இறுதியில் அந்த எல்லைக்கோடு 30,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த உயரத்தில் இருக்கும் நிறுவனத்தை ஃபண்டுகளும் ஆய்வாளர்களும் ஏற்கெனவே மொய்த்திருப்பார்கள். பியோட்ரோஸ்கியின் 27 புள்ளிகள் கிடைத்த உலகம், நம் பட்டியலில் சில நூறு கோடி மதிப்புள்ள நிறுவனங்களின் உலகம். அங்கே பங்கு வர்த்தகம் மெல்லியது. நாளுக்கு இரண்டு மூன்று லட்சம் ரூபாய்க்குக் கைமாறும் பங்கை வாங்கப் போனால் நம் வாங்கலே விலையை ஏற்றிவிடும். விற்கப் போகும் நாளில் அன்றைக்கு விலை இறங்கக்கூடிய கடைசி எல்லையான கீழ் சர்க்யூட்டில் பூட்டிக்கிடக்கும். ஆய்வு காட்டும் வருமானத்தில் ஒரு பகுதியை இந்தச் செலவே தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பது வாங்குபவரின் பொறுமையைப் பொறுத்தது.

கடைசியாக, அந்த 14,043-க்கே திரும்புவோம். எட்டோ ஒன்பதோ மதிப்பெண் பெற்ற 1,448 பதிவுகளில் அடுத்த ஆண்டு சந்தையை முந்தியவை சரியாகப் பாதி. பூஜ்யமோ ஒன்றோ பெற்றவற்றில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. கூட்டம் முழுவதிலும் 44-க்குச் சற்றுக் குறைவாக இருந்த விகிதம், இத்தனை சல்லடைக்குப் பிறகு ஐம்பதுக்கு வந்திருக்கிறது. இதைச் சிறிய முன்னேற்றம் என்று கருதுபவர் ஒரே பங்கை வாங்க நினைப்பவர். அவருக்கு இந்த முறை ஏறத்தாழ நாணயம் சுண்டுவதற்குச் சமம். இருபது, முப்பது பங்குகளாகப் பிரித்து வாங்கி, ஒவ்வோர் ஆண்டும் புது அறிக்கை வந்ததும் ஒன்பது கேள்விகளையும் முதலிலிருந்து கேட்பவருக்குத்தான் அந்த ஏழரைப் புள்ளிகளில் பங்கு கிடைக்க வழி உண்டு. முப்பது நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் நூறு, நூற்றைம்பது பக்கம். அவற்றில் வர வேண்டிய பாக்கியின் வயதுப் பட்டியல், பதினொரு விகிதங்களின் பக்கம், தணிக்கையாளரின் இணைப்பு, ரொக்க வரவு செலவு அறிக்கை என்று நிறுவனத்துக்கு ஏழெட்டுப் பக்கம் ஊன்றிப் படித்தாலும் ஆண்டுக்கு இருநூறு பக்கத்துக்கு மேல் ஆகிறது.